கேஷ்பேக் கார்டு இருக்கட்டும், மச்சினன் போனுக்கு வட்டி கட்டுவது யார்?

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். அமேசான், ஸ்விகி, கரண்ட் பில், எல்ஐசி, பையனின் ஸ்கூல் ஃபீஸ் என்று மாதம் 11,000 வரை ஆன்லைனில் போகிறது. பாதி கார்டில், பாதி ஜிபேயில். கார்டின் லிமிட் 1 லட்சம், பாக்கி 82,000. போன வருடம் இதே நேரம் 25,000தான் இருந்தது. மாதம் தவறாமல் 5,000 கட்டியும் ஏறிக்கொண்டே போகிறது. மச்சினனுக்கு தீபாவளி ஆஃபரில் எடுத்துக் கொடுத்த போனும் இதில் அடக்கம். 2,000 தள்ளுபடி போக 30,000 ரூபாய். மூன்று தவணையாக 9,000 கொடுத்தான். ஏழு மாதமாக ஒன்றும் வரவில்லை, கேட்கவும் சங்கடம். இப்போது வாஷிங் மெஷின் கேட்கிறான், பழைய கார்டில் இடமில்லை. 5 சதவீத கேஷ்பேக் கார்டு ஒன்று எடுத்தால், கிடைப்பதை வைத்துப் பாக்கியை அடைக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த கார்டு நல்லது? ஸ்மால் கேப் ஃபண்டில் (சிறு நிறுவனப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) மாதா மாதம் 2,000 எஸ்ஐபியும் போகிறது.

பதில்: கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு வட்டி என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கப் போவதில்லை. ஆனால் ஆபீஸ் வவுச்சரைப் பார்க்கிற கண்ணோடு உங்கள் கார்டு ஸ்டேட்மெண்டை நீங்கள் பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. இரண்டாம் பக்கத்துக்குப் போங்கள். 'ஃபைனான்ஸ் சார்ஜ்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருக்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

நான் தோராயமாகப் போட்டுக் காட்டுகிறேன். பாக்கி 80,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 2,800. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 504. ஆக 3,300 ரூபாய். நீங்கள் கட்டும் 5,000-இல் அசலுக்குப் போவது 1,700தான். அதே மாதம் அதே கார்டில் 5,500 தேய்க்கிறீர்கள். ஏறாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் நடக்கிறது. பாக்கியை முழுதாகக் கட்டாதவருக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்விகியில் வரவழைக்கும் பிரியாணிக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வட்டி ஓடுகிறது.

இப்போது நீங்கள் ஆசைப்படும் கேஷ்பேக். ஆன்லைனில் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்று சொல்லும் கார்டுகளில் கரண்ட் பில், இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம், வாடகை, பெட்ரோல் இதெல்லாம் பெரும்பாலும் கணக்கில் வராது. விளம்பரத்தில் 5 பெரிய எழுத்தில் இருக்கும், இந்தப் பட்டியல் எங்கோ அடியில் இருக்கும். உங்கள் 11,000-இல் இவற்றைக் கழித்தால் 6,000 தேறலாம். அதற்கு மாதம் 300, வருடம் 3,600. ஆண்டுக் கட்டணம் 999 என்றால் ஜிஎஸ்டியோடு 1,180 ஆகும். வருடம் 2 லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்பார்கள்; உங்கள் செலவு அந்த அளவுக்கு வராது, வரவும் கூடாது. மிஞ்சுவது 2,400. வருடம் முழுக்கச் சேர்த்த கேஷ்பேக்கைப் பழைய கார்டின் மூன்று வார வட்டி தின்றுவிடும்.

சரி, இதெல்லாம் உங்களுக்கும் தெரியாமல் இருக்காது. கடிதத்தில் என் கண்ணில் பட்டது 'பழைய கார்டில் இடமில்லை' என்ற மூன்று வார்த்தைகள்தான். புது கார்டு கேஷ்பேக்குக்காக அல்ல, வாஷிங் மெஷினுக்காக. மச்சினனிடம் முடியாது என்று சொல்வதை விட வங்கியிடம் இன்னொரு கார்டு கேட்பது உங்களுக்குச் சுலபமாக இருக்கிறது. அந்தப் போனில் அவர் தரவேண்டிய 21,000-க்கு மாதம் 870 ரூபாய் வட்டி கட்டுவது நீங்கள். ஏழு மாதத்தில் 6,000 தாண்டிவிட்டது. தள்ளுபடி கிடைத்ததே, எவ்வளவு? 2,000.

லிமிட்டில் 82 சதவீதம் நிரம்பிய கார்டோடு இன்னொன்றுக்கு விண்ணப்பித்தால் கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணுக்கும் நல்லதல்ல. அதனால் இப்போதைக்கு எந்த கார்டும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. மனைவியோடு உட்கார்ந்து ஸ்டேட்மெண்டைக் காட்டுங்கள். போனது அவர் தம்பிக்கு என்பதால் மறைத்து வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். வீட்டில் இரண்டு பவுன் நகை இருந்தால் அரசு வங்கியில் அடகு வைத்து கார்டு பாக்கியை ஒரே தடவையில் அடையுங்கள். நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் முதல் மாத வட்டி 680, 690 ரூபாய்தான். 3,300 எங்கே, இது எங்கே? அதே 5,000-ஐ இங்கே கட்டிவந்தால் 18 மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். பெரும்பாலும் ஒரு வருடத்தில் கணக்கை மாற்றி வைக்கச் சொல்வார்கள்; அந்தத் தேதியை மட்டும் மறக்காதீர்கள். நகை இல்லையென்றால் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் பர்சனல் லோன் கேளுங்கள். 14, 15 சதவீதம் என்றாலும் கார்டின் மாதம் 3.5, அதாவது ஆண்டுக்கு 42 சதவீதத்துக்குப் பரவாயில்லை.

ஆனால் கார்டில் தேய்த்த அந்த 5,500 இனி சம்பளத்திலிருந்து வர வேண்டும். வலிக்கப்போவது இங்கேதான். முதலில் எஸ்ஐபியை நிறுத்துங்கள். ஸ்மால் கேப் ஏறும் என்ற நம்பிக்கையில் அங்கே 2,000 போட்டுக்கொண்டு, இங்கே 42 சதவீதம் கட்டுவது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. மீதி 3,500-ஐ ஸ்விகியிலும் ஆஃபர் சாமான்களிலும் குறைத்தாக வேண்டும். ஆறு மாதம் கார்டைப் பீரோவில் வையுங்கள். போனில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் எல்லா ஆப்பிலும் அழித்துவிடுங்கள்.

அப்புறம் ஆட்டோ டெபிட்டைப் பாருங்கள். 'மினிமம் டியூ' (குறைந்தபட்சத் தொகை) என்று இருந்தால் 'டோட்டல் டியூ' (முழுப் பாக்கி) என்று மாற்றுங்கள். நகைக் கடன் முடிந்து, தொடர்ந்து ஆறு பில் முழுதாகக் கட்டிய பிறகும் ஆசை இருந்தால், ஆண்டுக் கட்டணமே இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு அமேசான் பே ஐசிஐசிஐ: அமேசானில் பிரைம் சந்தா உள்ளவர்களுக்கு 5 சதவீதம், இல்லாதவர்களுக்கு 3. அதுவும் வங்கிக் கணக்குக்குப் பணமாக வராது, அமேசான் பே பேலன்ஸாகத்தான் வரும். திரும்ப அமேசானிலோ அதை ஏற்கும் இடங்களிலோதான் செலவழிக்க வேண்டும்.

மச்சினனிடம் 21,000-ஐ மாதம் 2,000 வீதம் தரச் சொல்லுங்கள், மனைவி முன்னிலையில். வாஷிங் மெஷினை அவர் தன் பேரில் கடையிலேயே தவணையில் எடுக்கட்டும். ஜாமீன் கையெழுத்து கேட்டாலும் போடாதீர்கள்.