என் பூனை பழி வாங்குகிறதா?

கேள்வி: எங்கள் மூன்று வயது ஆண் பூனை இரண்டு வாரமாக மணல் தட்டை விட்டுவிட்டு என் கட்டிலில் சிறுநீர் கழிக்கிறது. திட்டியதற்குப் பழி வாங்குகிறதா?

பதில்: இல்லை அம்மா. பழி வாங்கும் எண்ணமெல்லாம் அதற்குக் கிடையாது. ஏதோ சரியில்லை, அவ்வளவுதான்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பையில் அழற்சி இருந்தால் தட்டில் உட்காரும்போதெல்லாம் வலிக்கும். வலிக்குத் தட்டுதான் காரணம் என்று பூனை அதையே வெறுத்துவிடும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க்குழாய் மிகவும் குறுகல். திரும்பத் திரும்ப முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரையே பறித்துவிடும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதாது.

உடம்பில் குறையில்லையா, சரி, அப்புறம் தட்டைப் பாருங்கள். என் பூனையும் ஒருமுறை இப்படிச் செய்தாள். தட்டை வாஷிங் மெஷின் பக்கத்தில் நகர்த்தியிருந்தேன். அது சுழலும் சத்தத்தில் பாதியிலேயே எழுந்து ஓடியிருக்கிறாள், பாவம். பழைய மூலைக்கே திருப்பி வைத்தேன். நான்காம் நாள் சரியானாள். தினமும் கழிவை அள்ளுங்கள், வாசனை மணல் வேண்டாம்.

மெத்தையை என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்தது கூடாது. அதன் நெடி சிறுநீர் போலவே இருப்பதால் பூனை மறுபடியும் அங்கேயே வரும்.

திட்டுவதை இன்றே நிறுத்துங்கள். தட்டில் எத்தனை முறை, எவ்வளவு நேரம் உட்காருகிறது என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.