தஞ்சோங் பூங்காவில் கடலோர ஹோட்டல்: எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி: டிசம்பர் கடைசியில் நான்கு இரவு பினாங்கு போகிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், முழங்கால் வலி உள்ள மாமியார். கூட்டம், சத்தம் எங்களுக்கு ஆகாது. பத்து பெரிங்கி ஹோட்டல்கள் எங்கள் கணக்குக்கு மேலே போகின்றன. ஆனால் அதற்கு முன்னாலேயே வரும் தஞ்சோங் பூங்கா என்ற கடலோரப் பகுதியில் 'பீச் ஹோட்டல்' என்று நடுத்தர விலையில் நிறைய காட்டுகிறது. நம்பி எடுக்கலாமா? மகனுக்குக் கடலில் குளிக்கவேண்டும். மாமியார் சுத்த சைவம். (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மகன் ஆசையிலிருந்து தொடங்குகிறேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்துத்தான். தஞ்சோங் பூங்காவின் கடல் பார்ப்பதற்கும் பக்கத்தில் நடப்பதற்கும் அருமையான கடல். குளிப்பதற்கான கடல் இல்லை. மலாக்கா நீரிணையின் தண்ணீர் இங்கே பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கும். அலை சிறியது, அடியில் பல இடங்களில் மணலோடு சேறும் கலந்திருக்கும். அதோடு பினாங்கின் வடகரையில் ஜெல்லி மீன்கள் உண்டு, கடுமையாகக் கொட்டும் பெட்டி ஜெல்லி வகை உட்பட. பத்து பெரிங்கியில் மணல் அகலம், கொஞ்சம் வசதி கூடுதல். ஆனால் அதுவும் இதே கடல்தான், ஜெல்லி மீன் எச்சரிக்கை அங்கேயும் பொருந்தும். கண்ணாடி மாதிரித் தண்ணீரில் பிள்ளை விளையாடவேண்டும் என்பதுதான் பயணத்தின் முக்கிய நோக்கம் என்றால், பினாங்கில் ஹோட்டல் மாற்றிப் பயனில்லை. ஊரையே மாற்றவேண்டும்.

பினாங்கு போவது அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்காக, கோயிலுக்காக, சாப்பாட்டுக்காக, மாலையில் கடல் காற்று வாங்க என்றால் தஞ்சோங் பூங்கா நல்ல தேர்வு. பத்து பெரிங்கியை விட நல்லது என்றுகூடச் சொல்வேன். ஜார்ஜ் டவுனிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். பத்து பெரிங்கிக்கு ஏறக்குறைய அதுபோல் இரண்டு மடங்கு, அதுவும் மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் ஒரே பிரதான சாலை. விடுமுறை நாள் மாலைகளில் அந்தச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். முழங்கால் வலியோடு ஒருவர் காரில் மடங்கி உட்கார்ந்திருக்கும் அந்த நேரமும் நீங்கள் கொடுக்கிற விலைதான்.

ஆக, இங்கே உங்கள் பணம் கடல் நீருக்குப் போகவில்லை. காட்சி, காற்று, நீச்சல் குளம், ஊருக்குப் பக்கம் என்ற வசதி, இந்த நான்குக்கும் போகிறது. ஹோட்டலை இந்த நான்கை வைத்தே எடை போடுங்கள்.

'பீச் ஹோட்டல்' என்ற சொல்லை அப்படியே நம்பவேண்டாம். தஞ்சோங் பூங்காவின் பிரதான சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைச்சரிவு. சரிவுப் பக்கக் கட்டடங்களிலிருந்தும் கடல் தெரியும், படத்தில் மிக அழகாகவே தெரியும். ஆனால் மணலுக்குப் போக ஓயாமல் வண்டி ஓடும் சாலையைக் கடக்கவேண்டும். எட்டு வயதுப் பையனையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு தினமும் அதைச் செய்வது சரிப்படாது. வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டு, ஹோட்டலுக்கும் மணலுக்கும் நடுவே சாலை ஓடுகிறதா என்று நீங்களே பாருங்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் பாதி ஹோட்டல்கள் அதிலேயே கழிந்துவிடும். ஃப்ளமிங்கோ, ரெயின்போ பாரடைஸ், மெர்க்யூர் ஆகிய மூன்றும் கடல் பக்கத்தில் நிற்பவை. தேடலை இவற்றிலிருந்து தொடங்கலாம். இவற்றைத்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. இடம் சரி, மற்றதை நீங்கள்தான் சோதிக்கவேண்டும்.

அடுத்தது கடல் ஏற்றமும் வற்றமும். பினாங்கில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு மீட்டர் அளவுக்கு வரும். கரை தட்டையாக இருக்கும் இடங்களில் அப்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, சேறும் கல்லும் வெளியே தெரியும். விளம்பரப் படங்கள் எல்லாம் ஏற்றத்தில் எடுத்தவை. அதனால் தங்கிப் போனவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள், அதிலும் சமீபத்திய ஆறு மாதப் படங்களை. மழைநீர்க் கால்வாயோ ஓடையோ ஹோட்டலுக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிறதா என்பதையும் செயற்கைக்கோள் படத்திலேயே கண்டுபிடிக்கலாம். கலந்தால் மழை பெய்த மறுநாள் அந்த இடத்தில் பையனைத் தண்ணீரில் கால் வைக்கவே விடாதீர்கள். மற்ற நேரத்தில் மணலில் விளையாடட்டும், கணுக்கால் அளவுக்கு நனையட்டும். ஜெல்லி மீன் கொட்டினால் இங்கே சொல்லும் முதலுதவி வினிகர் ஊற்றுவது. தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீரால் கழுவவும் கூடாது, நேராக மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும். சேர்ந்த அன்றே வரவேற்பறையில் வினிகர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

காட்சியைப் பற்றி முன்பதிவுத் தளங்கள் சொல்லாத ஒன்று: இந்தக் கரை வடக்கு பார்த்தது. டிசம்பரில் சூரியன் தென்மேற்கே, தீவின் மலைகளுக்குப் பின்னால் இறங்கும். கடலில் சூரியன் மறைவதைப் பால்கனியிலிருந்து பார்க்கலாம் என்று கூடுதல் பணம் கொடுத்தால் உங்கள் மாதத்தில் அது கிடைக்காது. ஜூனை ஒட்டிய மாதங்கள் என்றால் கதை வேறு. ஆனாலும் கடல் பார்த்த அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், காரணம் வேறு. வடக்கு பார்த்த அறையில் டிசம்பரில் நேர் வெயில் விழாது, சாலைச் சத்தமும் குறைவு. 'பகுதி கடல் காட்சி' என்ற வகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தால் ஒரு கீற்றுக் கடல் தெரிந்தாலும் அந்தப் பெயர்தான். கிழக்கே தஞ்சோங் தொக்கோங் பக்கம் கடலைத் தூர்த்து உருவாக்கிய தீவில் கட்டுமானம் நடக்கிறது. அந்தத் திசை பார்த்த அறையில் காட்சி கட்டடங்களோடுதான் இருக்கும்.

நீச்சல் குளம்தான் உங்கள் மகனுக்கு உண்மையான கடல். அதனால் அறையை விடக் குளத்தைக் கறாராகப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஆழம் குறைந்த தனிக்குளம் உண்டா, மாலை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள், நீங்கள் போகும் தேதிகளில் பராமரிப்பு வேலை ஏதாவது உண்டா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் அந்த ஹோட்டலை நம்பலாம். 'வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்' என்று மட்டும் பதில் வந்தால் அடுத்ததைப் பாருங்கள். இந்தப் பகுதியில் கட்டடங்கள் பழையவை. நடுத்தர விலையில் ஒரே ஹோட்டலில் புதுப்பித்த மாடியும் பழைய மாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது சாதாரணம். புதுப்பித்த அறை வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியாருக்காக லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. லிஃப்டிலிருந்து காலை உணவு அறைக்கும் குளத்துக்கும் மணலுக்கும் எத்தனை படி என்று கேளுங்கள். கடலோரக் கட்டடங்களில் கடைசிப் பத்துப் படிகள்தான் தொல்லை. குளியலறையில் தொட்டி வேண்டாம், தரையோடு இருக்கும் ஷவர் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தொட்டி விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்குவது முழங்கால் வலிக்கு ஆகாது. அவர் விடியற்காலையில் நடப்பவர் என்றால், அங்கே டிசம்பரில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் எழும், ஆறரை மணி நல்ல இருட்டு. கடலுக்குள் தூண்கள் மேல் நிற்கும் மிதக்கும் பள்ளிவாசல் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அதிகாலைத் தொழுகை அழைப்பு ஆறு மணி வாக்கில் கேட்கும். லேசான தூக்கக்காரர்கள் அதற்குத் தகுந்த தூரத்தில் அறை எடுக்கலாம். பகலில் குடும்பமாகப் போய்ப் பார்க்கவேண்டிய அழகான இடம் அது.

சைவச் சாப்பாட்டுக்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாதான். குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றி நம் ஊர்ச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். தஞ்சோங் பூங்காவில் அந்த அளவுக்கு எதிர்பார்க்கவேண்டாம். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடை) ரொட்டி சானாய் என்ற பரோட்டா, தோசை கிடைக்கும், ஆனால் அதே கல்லில் முட்டையும் போடுவார்கள், குழம்பில் கறிச்சாறு கலந்திருக்கலாம். மாமியார் அதைப் பார்ப்பவர் என்றால் அறையில் கெட்டிலும் சிறு குளிர்சாதனப் பெட்டியும் அவசியம். காலை உணவு சேர்த்த விலையை அவருக்கும் போடாதீர்கள், பழமும் ரொட்டியும் சாப்பிட அது அதிகம். ஊருக்குள் போக 101 எண் பேருந்து இந்தச் சாலை வழியாகத்தான் போகிறது. மாமியாரோடு போகும்போது கிராப் செயலியில் வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். விமான நிலையம் தீவின் மறுகோடியில், பாயான் லெப்பாஸில் இருக்கிறது. காரில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருவோம். தளத்தில் முதலில் காட்டும் தொகையில் சேவைக் கட்டணமும் 8 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அதற்கு மேல் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு, பெரும்பாலும் ஹோட்டலில் போய்ச் சேரும்போது கேட்பார்கள். இரண்டு அறை, நான்கு இரவு என்றால் 80 ரிங்கிட். திரும்பக் கிடைக்கும் முன்பணமும் தனியாகப் பிடிப்பார்கள். நீங்கள் நால்வர், அதனால் குடும்ப அறை ஒன்றின் விலையையும் நடுவே கதவுள்ள இரண்டு அறைகளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என் கணிப்பில் உங்களுக்கு இரண்டு அறைதான் நிம்மதி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் தினவாடகைக்கு எடுப்பது மலிவாகத் தெரியும். அதற்குப் போகவேண்டாம். குறுகிய கால வாடகையைக் குடியிருப்பு நிர்வாகமே தடை செய்யலாம் என்று 2020ல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதன் பிறகு பல இடங்களில் விருந்தினரை வாசலிலேயே கேள்வி கேட்கிறார்கள். குளத்தைப் பயன்படுத்த விடுவார்களா என்பதும் சொல்லமுடியாது.

டிசம்பர் கடைசி என்பதுதான் உங்கள் கேள்வியில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அங்கே பள்ளி விடுமுறை எல்லாம் சேரும் வாரம் அது. அமைதியான பகுதியும் அப்போது நிரம்பும், விலையும் ஏறும். சில ஹோட்டல்கள் 24, 31 இரவுகளுக்கு விருந்தைக் கட்டாயமாக்கி அறை வாடகையோடு சேர்த்துவிடும். சைவம் சாப்பிடுபவருக்கு அது முழு நஷ்டம். தேதியைப் பத்து நாள் முன்னால் தள்ள முடிந்தால், அதாவது டிசம்பர் நடுவில், கட்டாய விருந்தும் உச்ச விலையும் தவிர்ந்துவிடும். செப்டம்பர், அக்டோபர் பெருமழையும் அதற்குள் தணிந்திருக்கும். தை மாதத்துக்குத் தள்ளுவதாக இருந்தால் தைப்பூசத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும், சாலைகள் அடைபடும், அறை கிடைப்பதே பாடு. அதற்காகவே போகிறீர்கள் என்றால் பல மாதம் முன்பே, இலவசமாக ரத்து செய்யக்கூடிய விலையில் பதிவு செய்துவிடுங்கள்.