850 அடியில் புகைதான் வந்தது, 1,300 அடி வரை போகலாமா?

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டு ஏக்கர் தென்னைக்காக 850 அடி போர் போட்டும் வெறும் புகைதான், அதாவது தண்ணீரே இல்லாத காய்ந்த பாறைத் தூள். 1,300 அடி வரை இறக்கினால் தண்ணீர் உறுதி என்கிறார் போர் வண்டி (ரிக்) ஏஜென்ட். கூட வேலை பார்க்கும் பீகார்க்காரர் ஊரில் 60 அடியிலேயே அடிபம்பில் தண்ணீர் வருகிறதாம், நமக்கு மட்டும் ஏன் இப்படி என்றும் கேட்கிறார்.

போகாதீர்கள். காரணத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

பீகாரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியதில் இமயமலை எழுந்தது, அதன் அடிவாரத்துப் பள்ளத்தைக் கங்கையும் அதன் கிளையாறுகளும் மணலையும் வண்டலையும் கொட்டி நிரப்பின. அங்கே எங்கே குத்தினாலும் மணல், மணலுக்குள் தண்ணீர். உங்கள் காலடியில் இருப்பதோ 250 கோடி ஆண்டு வயதான கருங்கல். மேலே கொஞ்சம் மக்கிய பாறை, அதற்குக் கீழே அங்கங்கே வெடிப்பு, தண்ணீர் நிற்க இந்த இரண்டைத் தவிர இடமே கிடையாது. ஆழம் போகப் போக மேலிருக்கும் பாறையின் எடையே வெடிப்புகளை இறுக்கிவிடும்.

அடுத்த காட்டுக்காரருக்கு 1,100 அடியில் வந்ததே என்பீர்கள். வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஊற்றா, தேக்கமா? கம்ப்ரஸர் காற்று குழிக்குள் நிற்கிற தண்ணீரையெல்லாம் மொத்தமாகத் தூக்கி வெளியே எறியும்போது ‘மூணு இஞ்ச் தண்ணி’ என்று கத்துவார்கள், படமும் எடுத்து அனுப்புவார்கள். மோட்டார் இறக்கி நாள் முழுக்க ஓட்டி, நிறுத்தி, மறுநாள் மட்டம் பழைய இடத்துக்கு ஏறுகிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். வெகு ஆழத்து வெடிப்பில் இருப்பது பெரும்பாலும் பழைய தண்ணீர், இந்த வருட மழை அங்கே போய்ச் சேராது. இறைத்துத் தீர்த்தால் தீர்ந்ததுதான்.

ஏஜென்ட் ஏன் ஆழத்தையே சொல்கிறார்? முந்நூறு அடி தாண்டினாலே நூறு அடிக்கு ஒரு தரம் அடிக்கூலி ஏறுகிறது, கடைசி நானூறு அடியில்தான் அவருக்குக் காசு. தேங்காய் நிமிர்ந்து நிற்கிறது, வேப்பங்குச்சி சுழல்கிறது என்று நீரோட்டம் பார்க்கிறவரும் ரிக் ஏஜென்ட்டும் ஒரே பைக்கில் வந்து இறங்கினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடைக் கருவியை வைத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்தான், ஆனால் அதிலும் களிமண்ணை ஊற்று என்று படிக்கிற ஆட்கள் உண்டு.

போர் ஓடும்போது வெளியே வந்த தூளை யாராவது அடிவாரியாக எடுத்து வைத்தார்களா? துருப்பிடித்த மாதிரி பழுப்புச் சில்லு வந்த ஆழத்தில் வெடிப்பு இருக்கிறது. கடைசி நானூறு அடியும் ஒரே கருநீலத் தூள்தான் என்றால் இன்னும் கீழே போவதில் அர்த்தமே இல்லை.

எந்தப் பகுதியில் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டிருக்கிறது என்று அரசிடம் கணக்கு இருக்கிறது. அதை ஊர் டீக்கடைச் சுவரில் ஒட்டினால் என்ன கெட்டுவிடும்? இலவச மின்சாரம் கொடுக்கத் தெரிகிறது, அதில் எவ்வளவு தண்ணீர் இறைக்கப்படுகிறது என்று அளக்க மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை.

மிச்சப் பணத்தைப் பழைய கிணறு இருந்தால் அதில் போடுங்கள். தூர் வாருங்கள், மக்கிய பாறை முடியும் இடத்தில் கிணற்றுச் சுவரிலிருந்து பக்கவாட்டில் துளைக்கும் சைடு போர் போட முடியுமா என்று பாருங்கள். தமிழ்நாட்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது, அதற்கு முன்பே பண்ணைக்குட்டை வெட்டிவிட்டால் மேலடுக்காவது நனையும். இரண்டு ஏக்கர் தென்னைக்குச் சொட்டுநீர் போடாமல் வாய்க்காலில் பாய்ச்சிக்கொண்டிருந்தால் எந்தப் போரும் போதாது.

அந்த 850 அடிக் குழியை இன்றைக்கே மூடுங்கள். சாக்கைக் கட்டிக் கல்லை வைப்பது மூடியதாகாது. குழியின் வாயில் இறக்கியிருக்கும் கேசிங் பைப்பின் மேல் இரும்பு மூடி போட்டு போல்ட் முடுக்க வேண்டும், கேசிங்கையே உருவிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் வாய் வரை மண் நிரப்பிவிடுங்கள்.