இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் நாய்க்கு 4 வயது, எடை 20 கிலோ. விடாத இருமல், காய்ச்சல், காலில் சீழ் வடியும் கட்டி. பரிசோதித்துவிட்டு பிளாஸ்டோமைகோசிஸ் என்ற பூஞ்சை நோய் என்றார்கள். பூஞ்சைக்கு எதிரான மருந்தான இட்ராகோனசோலை தினம் ஒரு 100 மி.கி. கேப்சூல் கொடுக்கிறோம். ஆறு வாரத்தில் பழையபடி துள்ளுகிறது. மருந்துச் செலவு கையைக் கடிக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்த நோய் திரும்பி வர இதைவிடச் சுலபமான வழி இல்லை. மண்ணில் நூல்போல வளரும் இந்தப் பூஞ்சை, மூச்சோடு உள்ளே போனதும் உடல் சூட்டில் தடித்த சுவருள்ள ஈஸ்ட்டாக மாறிவிடுகிறது. இட்ராகோனசோல் அதன் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீராலை உருவாகவிடாமல் தடுத்து, வளர்ச்சியை முடக்கும். எஞ்சியதைத் துடைத்தெடுக்க உடம்புக்கு அவகாசம் வேண்டும்.

குறைந்தது 60 நாள். அதோடு, கடைசி அறிகுறியும் மறைந்தபின் இன்னும் ஒரு மாதம். இதுதான் கணக்கு. அறிகுறி என்றால் இருமல் மட்டுமல்ல, எக்ஸ்ரேயில் தெரியும் நுரையீரல் படலமும்தான். அதனால் பல நாய்களுக்கு நாலைந்து மாதம் ஆகிவிடும். நிறுத்தும் முன் மார்பு எக்ஸ்ரேயும், சிறுநீரில் பூஞ்சையின் தடயத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனையும் அவசியம். முறையாக முடித்தாலும் சுமார் ஐந்தில் ஒரு நாய்க்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். அப்படி வந்தாலும் அதே மருந்து பெரும்பாலும் மறுபடி கேட்கும்.

கொடுக்கும் விதத்திலும் பிசகு நடக்கிறது. கேப்சூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும்; எனவே வயிறார உணவோடு கொடுங்கள். திரவ மருந்து இதற்கு நேர்மாறு: வெறும் வயிற்றில்தான் நன்றாக ஏறும். கேப்சூல் கொடுக்கும் நாயின் வாந்திக்கு, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலோ ஃபமோடிடினோ சேர்த்தால் மருந்து பாதி வீணாகலாம். வலிப்புக்குத் தரும் ஃபீனோபார்பிட்டால் ரத்தத்தில் இட்ராகோனசோல் அளவைக் குறைத்துவிடும். கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகளை நசுக்காதீர்கள். மலிவு என்று மூலப்பொடியிலிருந்து கலந்து தரும் இட்ராகோனசோலுக்கு மாறவே மாறாதீர்கள். அது சரியாக உறிஞ்சப்படுவதில்லை. செலவு தாங்கவில்லையென்றால் ஃப்ளூகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். விலை குறைவு, ஆனால் சிகிச்சை இன்னும் நீளும்.

மாதம் ஒருமுறை ஈரல் நொதிகளைப் பாருங்கள். லேசாக ஏறியிருந்து, நாய் ஒழுங்காகச் சாப்பிட்டால் பதற வேண்டாம். தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறதா? அன்றே மருத்துவரை அழையுங்கள். பொதுவாக, பசி திரும்பும்வரை மருந்தை நிறுத்திவைத்து, பிறகு பாதி அளவில் தொடங்குவார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். கிலோவுக்கு 5 மி.கி. செய்வதைவிட 10 மி.கி. கூடுதலாக எதுவும் செய்வதில்லை. கால்களில் புண் வருவதுதான் மிச்சம்.

கேள்வி: மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: அடிபட்ட பூஞ்சையைச் சுற்றி நுரையீரலில் அழற்சி கூடுவதால் வருவது இது. நுரையீரல் மோசமாக உள்ள நாய்களுக்கு முதல் வாரம்தான் ஆபத்து. ஆக்சிஜனும், சில நாளைக்குக் குறைந்த அளவு ஸ்டீராய்டும் தேவைப்படலாம். வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்து மூன்று மாதம். ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சத்தில் சுருங்குகிறது.

பதில்: கண்வலி என்று சொட்டு மருந்தோடு விட்டுவிடாதீர்கள். கண், பூஞ்சை ஒளிந்துகொள்ள நல்ல இடம். விழித்திரை பிரிந்தாலோ கண் அழுத்தம் ஏறினாலோ பார்வை போய்விடும். இன்றே காட்டுங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குத் தொற்றுமா?

பதில்: நாயின் மூச்சிலிருந்தோ இருமலிலிருந்தோ தொற்றாது. சீழ்க்கட்டியைத் தொடும்போது கையுறை போடுங்கள். கட்டுத்துணியை நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். அறைச் சூட்டில் பூஞ்சை மறுபடி நூல் வடிவுக்கு மாறக்கூடும். ஆனால் நாய் முகர்ந்த அதே மண்ணின் காற்றை நீங்களும் சுவாசித்திருக்கலாம். வீட்டில் யாருக்காவது இருமல் நீடித்தால், நாய்க்கு இந்த நோய் வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். வட அமெரிக்காவில் மிசிசிப்பி, ஒஹாயோ ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் பேரேரிகளைச் சுற்றியும் இது அதிகம். தடுப்பூசி கிடையாது. அங்கே இருப்பவர்கள் மட்கிய மரமும் ஈரமும் உள்ள கரைகளிலும் புதிதாகத் தோண்டிய இடங்களிலும் நாயைக் கிளறவிடாமல், வாரில் பிடித்துக் கூட்டிப் போங்கள்.