அத்தை எதுவும் சொல்ல மாட்டார்!

கேள்வி: மே மாதம் நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகன், மாமியார் (69) நால்வரும் நான்கு நாள் பாரிஸ் போகிறோம். மோன்மார்த்ர் பக்கம் மலிவாக அறை போட்டிருக்கிறோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அத்தைக்குப் போன வருஷம் முழங்கால் ஆபரேஷன் ஆனது. மெதுவாக ஏறிவிடுவார், எதுவும் சொல்ல மாட்டார். ஊர் சுற்ற எந்த மெட்ரோ பாஸ் லாபம்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: சொல்ல மாட்டார்தான். மருமகள் ஆசைப்பட்டுப் போட்ட பயணத்தில் குறை சொன்னவர் என்று பேர் வாங்க எந்த மாமியாருக்கு ஆசை? மூன்று மாடி என்றால் ஐம்பது படியாவது இருக்கும். அங்கே பழைய கட்டடங்களில் பெரும்பாலும் வளைபடி. உள்பக்கம் பாதம் பதிய இடமிருக்காது. ஏறுவதை விட இறங்குவதுதான் அந்தக் காலுக்குச் சோதனை. இரண்டாம் நாள் காலை, "தலை வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க" என்பார். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

முதலில் அந்த அறையை ரத்து செய்யுங்கள். அடுத்த ஹோட்டலில் "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருந்தாலும் போதாது. சில இடங்களில் லிஃப்டைத் தொடவே நாலு படி ஏறணும். தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி, குளியலறையில் தொட்டியா ஷவரா என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். தொட்டி விளிம்பைத் தாண்டுகிற இடத்தில்தான் வழுக்கும்.

வீல்சேர் வேண்டுமென்று விமானக் கம்பெனியிடம் 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள். மூட்டில் உலோகம் வைத்திருந்தால் சோதனை வாசலில் பீப் அடிக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி கைப்பையில் இருக்கட்டும்.

சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து ரயில், 2025 கட்டணப்படி, ஆளுக்கு 13 யூரோ, நால்வருக்கு 52. சேன் நதிக்கு வடகரையில் ஹோட்டல் என்றால் டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணமே 56 யூரோதான், தென்கரைக்கு 65. நாலு யூரோ மிச்சம் பிடிக்கப் பெட்டியோடு அவரைப் படிக்கட்டில் நிறுத்தாதீர்கள். வெளியே டாக்ஸி வரிசையில் நில்லுங்கள், உள்ளே வந்து "டாக்ஸி?" என்று கேட்பவரோடு போக வேண்டாம்.

மெட்ரோ பாஸை மறந்துவிடுங்கள். வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும், வியாழனன்று இறங்கினால் பாதி வீண். அதை விட, புதிய 14ஆம் தடம் நீங்கலாகப் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்டே இல்லை. பஸ்ஸில் போங்கள். டிக்கெட் ஏற்றிக்கொள்ளும் நவிகோ ஈஸி அட்டை 2 யூரோ, ஒரே அட்டையை நாலு பேர் தட்ட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும். 72ஆம் எண் பஸ் நதியோரமாகவே போகும். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்தபடி பாதி பாரிஸைப் பார்த்துவிடலாம். நிறுத்தத்தில் கையைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் நிற்காமல் போய்விடும்.

மே கடைசியில் இருட்ட ஒன்பதரை ஆகும். மதியம் இரண்டு மணி நேரம் அவரைப் படுக்க விட்டாலும் மாலை முழுசாகக் கிடைக்கும். ஒரு மாலை லாசப்பல் பகுதிக்குப் போய் நம் ஈழத்தமிழர் கடையில் சூடாகச் சாப்பிடட்டும்.

லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயன்று விடுமுறை. மற்ற நாட்களில் அடையாள அட்டையைக் கொடுத்தால் உள்ளே வீல்சேர் இலவசமாகத் தருவார்கள். தள்ளுகிற வேலை மகனுக்கு. பாட்டியைத் தள்ளிக்கொண்டு போவது கௌரவக் குறைச்சல் என்றால், அந்த மூன்றாம் மாடி அறையை அவன் ஒருவனுக்கு மட்டும் போட்டுக் கொடுங்கள்.