நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 20 நிமிச நித்திரை போதுமோ?

கேள்வி: டொக்டர், எனக்கு 24 வயசு, ஒட்டுசுட்டான் பக்கம். ராவில வயலுக்கு யானைக் காவல், பகலில வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறன், நேரம் காணாது. 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா 20 நிமிசம் படுத்தா ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியால நித்திரை போதும் எண்டு யூரியூப்பில ஒரு வீடியோ பாத்தன். அடுத்த கிழமை தொடங்கலாமோ?

பதில்: தொடங்காதேங்கோ தம்பி.

அதுக்கு ஊபர்மேன் எண்டு பேர் வச்சிருக்கினம். உடம்பு பழகிட்டா கண்ணை மூடின உடனயே கனவு நித்திரை வந்திடும், அதால குறைஞ்ச நேரம் காணும் எண்டு சொல்லுவினம். கனவு நித்திரை அப்பிடிக் கெதியா வாறது உண்மைதான், ஆனா அது நித்திரை காணாத மூளை கிடைச்ச இடத்தில அள்ளிப் போடுறது, அதைப் போய் பழகிட்டுது எண்டு சொல்லேலாது. லேசான நித்திரை, ஆழ்ந்த நித்திரை, கனவு நித்திரை எண்டு ஒரு முழு நித்திரைச் சுற்றுக்கு 90 நிமிசம் அளவில வேணும், ஆழ்ந்த நித்திரை அனேகமா முதல் சுற்றுகளிலதான் வரும், வளர்ச்சி ஹோர்மோன் கூடச் சுரக்கிறதும் அப்பதான், 20 நிமிசத்தில அலாம் அடிச்சு எழும்பினா அது வேண்டிய அளவுக்குக் கிடைக்காது. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் எண்டு ஒரு அமெரிக்கர் 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் படுத்து ரெண்டு வருசம் சமாளிச்சவர் எண்டு 1943ல டைம் பத்திரிகையில வந்தது. கடைசியா அவரே விட்டிட்டார், கூட வேலை செய்த ஆக்களுக்கு அது ஒத்துவரேல்லையாம். ஓவியர் லியனார்டோ டாவின்சியும் இப்பிடித்தான் படுத்தவர் எண்ட கதைக்கு நம்பக்கூடிய ஆதாரமே இல்லை.

எனக்கு உண்மையில பயம் வேற இடத்தில. 2003ல அமெரிக்காவில ஒரு ஆய்வு, ரெண்டு கிழமைக்கு ஆக்களை ஒரு ராவுக்கு 4 மணித்தியாலம், 6 மணித்தியாலம் எண்டு மட்டும் படுக்க விட்டுப் பாத்தவை. கடைசியில அவையின்ர கவனம் ஒரு ராவு, ரெண்டு ராவு முழிச்சிருந்த ஆக்கள் அளவுக்கு விழுந்திட்டுது, ஆனா அவையைக் கேட்டா தங்களுக்குப் பெரிசா நித்திரைக் களை இல்லை எண்டுதான் சொல்லியிருக்கினம். தான் மந்தமா இருக்கிறது தனக்கே தெரியாது. நீங்கள் கையில யானை வெடியோட இருட்டுக்க நிக்கிற ஆள், விடிய மோட்டச்சைக்கிள்ள வேற வீட்ட வாறியள், யோசிச்சுப் பாருங்கோ.

அதுக்காக நித்திரையைப் பிரிக்கவே கூடாதெண்டு இல்லை. ரெண்டாப் பிரிக்கலாம், மொத்தம் 7 மணித்தியாலத்துக்குக் குறையப்படாது, அவ்வளவுதான். பக்கத்து வயல்க்காரரோட கதைச்சு காவலைப் பாதியாக்குங்கோ, ஒராள் 1 மணி வரைக்கும் மற்றாள் பிறகு. நீங்கள் முதல் பாதியை எடுத்தா 1 மணியில இருந்து 6 மணி வரைக்கும் ஒரே பிடியாப் படுக்கலாம், மத்தியானம் சாப்பிட்டிட்டு இன்னும் ரெண்டு மணித்தியாலம். அந்த அஞ்சு மணித்தியாலம் மட்டும் காவல் இல்லாத நாளிலயும் அதே நேரத்துக்கு இருக்கோணும், ஏனெண்டா உடம்புக்க இருக்கிற மணிக்கூடு வெளிச்சத்தையும் ஒழுங்கையும் பாத்துத்தான் ஓடும். இந்தச் சண்டே ஒரு மாதிரி மண்டே ஒரு மாதிரி விளையாட்டுத்தான் ஆளை விழுத்துறது.

மத்தியான நித்திரையால எழும்பின உடன அரை மணித்தியாலம் அளவில தலை பாரமா இருக்கும், அந்த நேரம் ட்ரக்டர் எடுக்காதேங்கோ. தேத்தண்ணியை காவல் தொடங்கேக்க குடியுங்கோ, படுக்கப் போறதுக்கு ஆறு மணித்தியாலத்துக்குள்ள வேண்டாம், அப்ப 1 மணிக்குப் படுக்கிறதெண்டா ராவு 7 மணிக்குப் பிறகு பிளேன்ரீயும் இல்லை, கஷ்டம்தான். 20 நிமிசக் குட்டி நித்திரை இடையில கிடைச்சா நல்லது, ஆனா அது மேலதிகம், கணக்கில சேராது.

வலிப்பு இருந்தாலோ, மனநோய்க்கு மருந்து எடுத்தாலோ, ராக் காவலையே உங்களைப் பாக்கிற டொக்டரிட்டக் கேட்டுத்தான் செய்யோணும், நித்திரை முறிஞ்சா ரெண்டும் கிளம்பும். சத்தமாக் குறட்டை விடுறதெண்டு வீட்டில சொன்னாலும் ஒருக்கா கிளினிக்குக்கு வாங்கோ.