ஆங்கிலத்தில் இடத்தைச் சொல்லும்போது 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றில் எதைப் போடுவது?

கேட்டவர் தம் கேள்வியோடு ஒரு வாக்கியத்தையும் கொடுத்திருக்கிறார்: "என் வீடு தெருக்கோடியில், பூங்காவுக்கு எதிரே, மூன்றாவது மாடியில் இருக்கிறது." இதை ஆங்கிலத்தில் எழுதினால் எங்கெங்கே எந்த முன்னிடைச்சொல் வரும், விதிகளை மனப்பாடம் செய்தும் ஏன் தவறிப்போகிறது என்பது அவருடைய கவலை. வாக்கியத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நான் பட்ட அவமானம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர் மின்னஞ்சலில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். "என் மேஜையில்தான் இருக்கிறேன்" என்று தமிழில் நினைத்து, "ஐ ஆம் ஆன் மை டெஸ்க்" என்று பதில் அனுப்பினேன். உடனே மறுமொழி வந்தது: "பார்த்து, விழாமல் இறங்கு." மேஜைமேல் ஏறி நிற்பதாக நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்! 'அட் மை டெஸ்க்' என்று எழுதியிருக்க வேண்டும். அன்றிலிருந்து இந்த மூன்று குட்டிச் சொற்களின்மேல் எனக்கு ஒரு கண்.

குழப்பத்தின் வேர் நம்முடைய 'இல்' உருபில் இருக்கிறது. பெட்டியில் துணி, சுவரில் படம், வாசலில் நாய் என்று மூன்றையும் ஒரே உருபால் சொல்லிவிடுகிறோம். துணி உள்ளே இருக்கிறது, படம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாய் அங்கே நிற்கிறது என்பதெல்லாம் கேட்பவருக்குத் தானாகவே விளங்கிவிடும். கட்டாயம் விளக்க வேண்டுமென்றால் மட்டும் உள்ளே, மேலே, பக்கத்தில் என்று விரிப்போம். ஆங்கிலக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. வாயைத் திறக்கும் முன்பே அவர் முடிவு செய்தாக வேண்டும்: பெட்டிக்கு 'இன்', சுவருக்கு 'ஆன்', வாசலுக்கு 'அட்'. ஆகவே 'இல்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடினால் விடை கிடைக்காது. பேசுகிறவர் அந்த இடத்தைத் தம்மைச் சூழ்ந்த கூடாகப் பார்க்கிறாரா, தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பாகப் பார்க்கிறாரா, வரைபடத்தில் குத்திய புள்ளியாகப் பார்க்கிறாரா என்று கேளுங்கள்.

'பெரிய இடத்துக்கு இன், சிறிய இடத்துக்கு அட்' என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். அந்த விதியை நான் நம்புவதில்லை. லண்டனில் வாழ்கிறவர் 'இன் லண்டன்' என்பார். நகரம் அவரைச் சூழ்ந்திருக்கிறது. லண்டனிலிருந்து சிட்னிக்குப் போகும் விமானம் நடுவே சிங்கப்பூரில் நின்றால் 'ஸ்டாப்ஸ் அட் சிங்கப்பூர்' என்றும் சொல்லலாம். அத்தனை பெரிய நகரம் பயணப் பாதையில் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. நகரத்தின் அளவு மாறவில்லை, பார்வை மாறிவிட்டது.

மரத்தைப் பாருங்கள், இன்னும் சுவையாக இருக்கும். மரத்தில் பழம் இருந்தால் 'ஆன் த ட்ரீ'. அதே மரத்தில் குருவி இருந்தால் 'இன் த ட்ரீ'. பழம் மரத்தோடு ஒட்டி வளர்ந்தது, குருவியோ கிளைகளுக்கும் இலைகளுக்கும் நடுவே புகுந்துகொண்டது. புல்லிலும் அப்படித்தான். கத்தரித்த புல்தரையில் உட்கார்ந்தால் 'ஆன் த கிராஸ்', முழங்கால் உயரப் புல்லில் பாம்பு மறைந்திருந்தால் 'இன் த கிராஸ்'. சுவரில் மாட்டிய படத்துக்கு 'ஆன்', சுவரில் விழுந்த விரிசலுக்கு 'இன்'. விரிசல் சுவரின் உடம்புக்குள்ளேயே போகிறது அல்லவா? சன்னலுக்கும் 'இன்'தான். சாதாரண நாற்காலியில் 'ஆன்', கை வைத்து, சாய்ந்து, புதைந்து உட்காரும் சாய்வு நாற்காலியில் 'இன்'.

'ஆன்' என்றால் 'மேலே' என்று மனப்பாடம் செய்தவர்கள் கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஊரும் ஈயைப் பார்த்துத் திகைப்பார்கள். அதற்கும் 'ஆன் த சீலிங்' தான். 'ஆன்' என்பதன் உயிர் உயரத்தில் இல்லை, தொடுகையில் இருக்கிறது. தொடாமல் மேலே இருந்தால் 'அபவ்' அல்லது 'ஓவர்' வரும். ஆற்றங்கரை ஊர்களுக்கு 'ஆன்' வருவதும் இதனால்தான்: லண்டன் 'ஆன் த தேம்ஸ்'. ஊர் தண்ணீரில் மிதக்கவில்லை, ஆற்றின் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவன் என்ற ஊர்ப் பெயரில் வரும் 'அபான்' இந்த 'ஆன்' என்பதன் நெருங்கிய உறவினர்.

வாகனங்களில்தான் பலர் வழுக்குகிறார்கள். காருக்கு 'இன்', பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு 'ஆன்'. குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடிகிற வண்டிக்கு 'இன்', எழுந்து நடமாட முடிகிற வண்டிக்கு 'ஆன்' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சிறு படகுக்கு 'இன்', பெருங்கப்பலுக்கு 'ஆன்' என்பதும் இதில் அடங்கிவிடும். சைக்கிளும் குதிரையும் முதுகில் ஏறி உட்காருகிறவை, அவற்றுக்கு 'ஆன்' வருவதில் வியப்பில்லை. இதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஓடாமல் கைவிடப்பட்டுத் துருப்பிடித்த பஸ்ஸில் குழந்தைகள் விளையாடினால் 'இன் த பஸ்' என்பார்கள். ஓடும்வரைதான் அது பயணம். நின்றுவிட்டால் வெறும் தகரக் கூடு. 'நான் பஸ்ஸில் வந்தேன்' என்பதோ வேறு கணக்கு. அந்த 'இல்' இடத்தைக் குறிப்பதில்லை, வந்த வழியைக் குறிக்கிறது. அதற்கு 'பை பஸ்'.

'அட்' பற்றி ஒரு செய்தி. மின்னஞ்சல் முகவரியின் நடுவில் நாம் நாள்தோறும் தட்டும் சுழிக் குறி இந்தச் சொல்லேதான். 1971-இல் ரே டாம்லின்சன் கணினிகளுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பும் நிரலை எழுதியபோது, இன்னார் இன்ன கணினியில் இருக்கிறார் என்று காட்ட அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தார். கணினிக்குள் யாரும் குடியிருக்கவில்லை, அது தொடர்புகொள்ள ஒரு புள்ளி, ஆகவே 'அட்'. வீட்டு எண்ணோடு முகவரி சொல்லும்போது 'அட்' வருவதும் இதே பார்வையால்தான்.

எந்தப் பார்வைக்கும் அடங்காத சிலவும் உண்டு. கப்பலில் நடுக்கடலில் இருப்பவர் 'அட் சீ', நீந்துகிறவர் 'இன் த சீ'. படுத்துத் தூங்குகிறவர் 'இன் பெட்', விரிப்பின்மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறவர் 'ஆன் த பெட்'. தெருவுக்கு பிரிட்டிஷார் 'இன்' என்றும் அமெரிக்கர் 'ஆன்' என்றும் சொல்வதுண்டு. எதைப் பிடித்தாலும் சண்டைக்கு வரமாட்டார்கள். 'அரைவ்' என்ற வினைக்குப் பின் 'டு' போட்டால் மட்டும் முகம் சுளிப்பார்கள். ஊருக்கும் நாட்டுக்கும் 'அரைவ் இன்', நிலையத்துக்கும் கட்டடத்துக்கும் 'அரைவ் அட்'. இவற்றையெல்லாம் காது பழகித்தான் கற்க வேண்டும்.

இனி உங்கள் வாக்கியம். "மை ஃப்ளாட் இஸ் ஆன் த தேர்ட் ஃப்ளோர், அட் தி எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட், ஆப்போசிட் த பார்க்." மாடி என்பது கால் ஊன்றும் தளம், எனவே 'ஆன்', 'இன் த தேர்ட் ஃப்ளோர்' என்று எழுதினால் தளத்தின் காரைக்குள் புதைந்த மாதிரி ஆகிவிடும். தெருக்கோடி ஒரு புள்ளி, எனவே 'அட்'. 'ஆப்போசிட்' என்பதற்குப் பின் 'டு' வேண்டாம், அதுவே முன்னிடைச்சொல். அங்கே 'இன் ஃப்ரன்ட் ஆஃப்' போடாதீர்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூங்கா நேரே உங்கள் வாசலுக்கு வந்துவிடும். ஒன்றே ஒன்று: கேட்பவர் அமெரிக்கர் என்றால் 'தேர்ட்' என்பதை 'ஃபோர்த்' என்று மாற்றுங்கள். அவர்கள் தரைத்தளத்தையே முதல் தளமாக எண்ணுகிறவர்கள். இல்லையென்றால் கீழ்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.